முடிவையும் போடுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை பேஜ் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமார், தங்கச்சிமார் எல்லோருக்கும்,

ஓட்டமாவடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் இன்று ஊருக்கு ஒரு பேஸ்புக் பேஜாவது இருக்கிறது. மரண அறிவித்தல், இரத்தம் தேவை, கரண்ட் வெட்டு, காணாமல் போன மாடு, கோயில் திருவிழா, பள்ளிவாசல் அறிவித்தல் என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் நீங்கள்தான் சொல்கிறீர்கள். சம்பளமில்லாத வேலை. அதற்கு முதலில் நன்றி. நான் எழுத வந்தது நீங்கள் போடுகிற இன்னொரு வகைப் பதிவைப் பற்றி. ஒரு ஆள், ஒரு கம்பனி, ஒரு ஏமாற்று. கடைசி வரியில் "இவங்கள நம்பி யாரும் போகாதீங்க, அதிகமா ஷெயார் பண்ணுங்க" என்று இருக்குமே, அந்தப் பதிவு.

இவருக்கு இதில் என்ன அக்கறை என்று நினைப்பீர்கள். நான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞன். வேலையில் இருந்தபோதும் சரி, பென்சனுக்குப் பிறகும் சரி, ஊரில் யாருக்காவது பெட்டிசம் எழுத வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். இப்போதும் வருகிறார்கள். ஆனால் கேட்பது மாறிவிட்டது. "பெட்டிசமெல்லாம் வேணாம் சேர், பேஸ்புக்கில போடுற மாதிரி நாலு வரி எழுதித் தாங்க" என்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டிசம் போட்டால் பதில் வர மாதக்கணக்காகும். பதிவு போட்டால் அன்று பின்னேரமே கம்பனி போன் எடுக்கிறது. ஏழைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தப் போன் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நீங்கள் யாரும் எழுதுவதில்லை. எனக்கு உங்களோடு உள்ள வழக்கு அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன். படுவான்கரைப் பக்கத்து அக்கா ஒருவர் தவணைக்கு ஒரு பிரிட்ஜ் எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ்பக்கெட்டும் வீட்டில் போட்ட தயிரும் விற்கிறவர். பிரிட்ஜ் அவருக்கு வீட்டுச் சாமான் இல்லை, தொழில். எடுத்த கொஞ்ச நாளிலேயே குளிர்வது நின்றுவிட்டது. கடைக்குப் போனால் "டெக்னீசியன் கொழும்பிலிருந்து வரவேணும்" என்ற ஒரே பதில். டெக்னீசியன் வரவில்லை, தவணை கேட்டு மட்டும் தவறாமல் ஆள் வந்தது. கட்டாரில் இருக்கிற மகன் கோபத்தில் ஒரு வீடியோ போட்டான். உங்களில் ஒருவருடைய பேஜ் அதை எடுத்துப் போட்டது. இரண்டே நாளில் லொறியில் புதுப் பிரிட்ஜ் வந்து இறங்கியது. இறக்கிவிட்டு அவர்கள் கேட்டது ஒன்றுதான்: பதிவை எடுத்துவிடுங்கள். மகன் எடுத்தான். பேஜும் எடுத்தது. எல்லோருக்கும் சந்தோசம்.

சில மாதம் கழித்துத் திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் பில்லோடு என்னிடம் வந்தார். அதே கடை, அதே மொடல், அதே "கொழும்பிலிருந்து வரவேணும்". வாங்க முதல் பேஸ்புக்கில் தேடிப் பார்த்தாராம். அந்தக் கடையைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லையாம். எப்படி இருக்கும்? நாங்கள்தானே அழித்தோம்.

அக்கா பிழை செய்யவில்லை. மகனும் செய்யவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடுவது அவர்களுக்குச் சரி, நாளைக்கும் அவர்கள் அந்தக் கடைக்குத் தவணை கட்ட வேண்டும். ஆனால் பேஜ் என்பது அந்த வீட்டுக்குச் சொந்தமான பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பதிவைப் பார்த்தார்கள், கோபப்பட்டார்கள், ஷெயார் பண்ணினார்கள். அந்தப் பலத்தில்தான் கம்பனி அசைந்தது. பலம் ஊருடையது, பிரிட்ஜ் ஒரு வீட்டுக்கு வந்தது, ஊருக்கு எதுவும் மிஞ்சவில்லை. கம்பனிக்கு இது நல்ல லாபமான பேரம்: ஒரு பிரிட்ஜின் விலையில் மாவட்டம் முழுக்க வாயடைத்தாயிற்று.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் எல்லோரும் சொல்லும் உதாரணம் கனடாக்காரர் டேவ் கரல். 2008 மார்ச்சில் யுனைட்டட் எயார்லைன்ஸில் போகும்போது சிக்காகோ விமான நிலையத்தில் அவருடைய கிட்டார் உடைந்தது. 3,500 டொலர் பெறுமதியான கிட்டார். மாதக்கணக்காக ஒவ்வொரு அலுவலகமாக அலைந்தார். 24 மணி நேரத்துக்குள் முறையிடவில்லை என்று சொல்லிக் கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். 2009 ஜூலையில் அவர் ஒரு பாட்டுக் கட்டி யூடியூப்பில் விட்டார். சில வாரங்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பனி இறங்கி வந்தது. நட்டஈட்டை அவர் தனக்கு வாங்கவில்லை, நல்ல காரியம் ஏதாவதுக்குக் கொடுங்கள் என்றார். கம்பனி 3,000 டொலரை ஓர் இசைப் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்தப் பாட்டால்தான் கம்பனியின் பங்கு விலை சரிந்தது என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அதை யாரும் நிரூபித்ததில்லை. நல்ல கதை என்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் பாட்டு இல்லை. பாட்டு பிரபலமானதும் சனம் வழக்கம்போல அவருடைய முறைப்பாட்டைக் கையாண்ட பெண் ஊழியரைத் திட்டத் தொடங்கியது. கரல் இன்னொரு வீடியோவில் வந்து, அவர் தன் கம்பனியின் விதிப்படி வேலை செய்த நல்ல ஊழியர், அவரை விட்டுவிடுங்கள் என்ற கருத்துப்படச் சொன்னார். எங்கள் பதிவுகளில் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. எங்கள் வீடியோக்களில் முகம் தெரிவது யாருடையது? முகாமையாளருடையதா? கவுண்டரில் நிற்கிற இருபது வயதுப் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளைக்குப் பிரிட்ஜை மாற்றிக் கொடுக்க அதிகாரம் இல்லை, "சேரிட்ட கேட்டுச் சொல்றன்" என்று சொல்லத்தான் அனுமதி. அடுத்த நாள் பஸ்ஸில் அந்தப் பிள்ளையைத்தான் சனம் அடையாளம் கண்டு சிரிக்கிறது.

சரி, அந்த விமானக் கம்பனி பாடம் படித்ததா? 2017 ஏப்ரல் 9ஆம் திகதி, அதே கம்பனியின் விமானம், அதே சிக்காகோ. இருக்கையை விட்டு எழும்ப மறுத்த 69 வயது மருத்துவர் ஒருவரைப் பாதுகாப்பு அலுவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். சக பயணிகள் போனில் எடுத்த வீடியோவை உலகமே பார்த்தது. அந்த மாதம் முடிய முதலே கம்பனி அவரோடு சமரசம் செய்தது. தொகை எவ்வளவு என்று வெளியில் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை வேறொன்றும் நடந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட பயணியை அவருடைய விருப்பமில்லாமல் எழுப்புவதில்லை, பாதுகாப்புக் காரணம் இல்லாமல் பொலிஸைக் கூப்பிடுவதில்லை, இடத்தை விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டொலர் வரை கொடுக்கலாம் என்று விதிகளை மாற்றிப் பகிரங்கமாக அறிவித்தார்கள். மருத்துவருக்குக் கிடைத்த காசு அவருடைய சொந்த விஷயம். விதி மாறியது அடுத்த பயணிக்கு.

இன்னும் தெளிவான உதாரணம் 2011இல் நடந்தது. பேங்க் ஒஃப் அமெரிக்கா என்ற பெரிய வங்கி டெபிட் கார்டுக்கு மாதம் 5 டொலர் கட்டணம் எடுக்கப்போவதாகச் சொன்னது. 22 வயதுப் பெண் ஒருவர் இணையத்தில் ஒரு மனு தொடங்கினார். மூன்று லட்சம் பேரளவில் கையெழுத்து வைத்தார்கள். நவம்பர் முதலாம் திகதி வங்கி அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அந்தப் பெண் தன் 5 டொலரைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. கட்டணத்தையே எடுக்காதே என்று கேட்டார். கேள்வி அப்படி இருந்தால் இன்பொக்ஸுக்குள் கூப்பிட்டுத் தீர்க்க வழியில்லை.

எங்கள் பதிவுகளில் கேள்வியே இருப்பதில்லை. கோபம் இருக்கிறது, கடையின் படம் இருக்கிறது, சாபம் இருக்கிறது. என்ன வேண்டும் என்று இல்லை. அதனால் என்ன கொடுப்பது என்பதைக் கம்பனியே தீர்மானிக்கிறது. கீழே கொமன்டில் "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், தயவுசெய்து எமக்கு இன்பொக்ஸ் செய்யவும்" என்று ஒரு வரி வரும். எல்லோருக்கும் அதே வரி, எழுத்துப் பிழையும் அதேதான்.

கோபம் ஏன் இவ்வளவு முன்னுக்கு வருகிறது என்பதற்குச் சனத்தை மட்டும் பழி சொல்ல முடியாது. 2017 முதல் பேஸ்புக் தன் கணக்கில் கோப முகம் உட்பட்ட முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு பெறுமதி கொடுத்து வந்தது. 2021இல் கம்பனிக்குள்ளிருந்து வெளியே வந்த ஆவணங்களில்தான் இது தெரிந்தது. கோப முகத்தின் பெறுமதியைப் பூச்சியமாக்கியது 2020இல். ஆக, "பில் இலக்கம் இது, வாங்கிய திகதி இது, வொரண்டி இவ்வளவு, கம்பனி இன்னும் மாற்றித் தரவில்லை" என்று நிதானமாக எழுதியவரின் பதிவு நாலு பேரோடு நின்றுபோக, "கள்ளனுகள்" என்று தொடங்கிய பதிவு நாடு சுற்றியது. இப்போது பெறுமதி மாறியிருக்கலாம், எங்களுக்குப் பழகின கை மாறவில்லை.

இந்த இடத்தில் அம்பாறையைச் சொல்லாமல் போக முடியாது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. வாடிக்கையாளர் ஒருவர் கறியில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் காட்டி, மலட்டு மருந்து போட்டாயா என்று கேட்கிறார். காசாளருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சுற்றிச் சனம் நிற்கிறது, முகத்துக்கு நேரே போன் இருக்கிறது. பயத்தில் அவர் சொன்ன தடுமாறின பதிலை ஒப்புதல் வாக்குமூலம் என்று பேஸ்புக்கில் விட்டார்கள். அந்த இரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாக்கட்டி. அப்படி ஒருவரை மலடாக்குகிற மாத்திரை உலகத்தில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் மார்ச் வந்துவிட்டது, கண்டி மாவட்டத்துத் திகன எரிந்தது, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

அதை இனக்கலவரம் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அது தொடங்கிய உருவம் என்ன? சாப்பாட்டில் குறை இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் எடுத்த வீடியோ. நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை போடுகிறீர்களே, அதே உருவம். நோக்கம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கிற ஆளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கேள்வி கேட்கிறவர், திணறுகிற ஊழியர், முடிவை முன்கூட்டியே எழுதிவிட்ட தலைப்பு.

எங்கள் கரையோரத்தில் ஊர் மாறினால் இனம் மாறும். ஆரையம்பதிக்கு அடுத்தது காத்தான்குடி, பாண்டிருப்புக்கு அடுத்தது மருதமுனை. தமிழ் ஆள் முஸ்லிம் கடையில் வாங்குகிறார், முஸ்லிம் ஆள் தமிழ் ஆளிடம் வண்டி திருத்துகிறார். ஆகவே ஒரு கடையைப் பற்றிய பதிவில் மூன்றாவது கொமன்ட் "முதலாளி யாரு?" என்பதாக இருக்கும். அது பெயரைக் கேட்கிற கேள்வி இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு பிரிட்ஜை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கம்பனிக்கு அதைவிட வசதி வேறென்ன? ஏமாந்த வாடிக்கையாளர் எந்த இனமானாலும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள், பில்லை மறந்து ஆளையாள் ஏசுகிறார்கள். அந்த மூன்றாவது கொமன்டை உடனே அழியுங்கள். அழிக்க ஆள் இல்லாத இரவில் கொமன்டைப் பூட்டி வையுங்கள். பதிவுக்கு லைக் குறையும், குறையட்டும்.

இன்னொன்று. இந்த ஆயுதம் யார் மேல் விழுகிறது என்று கவனித்தீர்களா? 2024 ஏப்ரலில் களுத்துறையில் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் பிளேன்டீயும் உளுந்து வடையும் 800 ரூபாய்க்கு விற்ற ஆளின் வீடியோ ஓடியது. ஆள் கைது. அதே மாதம் கொழும்பு புதுக்கடையில் ஒரு கொத்துக்கு 1,900 ரூபாய் சொன்னவர். அவரும் கைது. இரண்டு பேர் செய்ததும் பிழைதான். ஆனால் தெருவோரத்தில் வடை விற்கிறவரைப் பிடிக்க ஒரு வீடியோ போதும். லீசிங் ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துக்குள் ஒளித்து வைத்த கட்டணத்தை எந்தக் கமராவில் எடுப்பது? அதற்கு முகம் இல்லை, சட்டி இல்லை, அதட்டிப் பேசுகிற குரல் இல்லை. பத்துப் பக்கக் கடுதாசி, அதுவும் ஆங்கிலத்தில். படம் பிடிக்கக்கூடிய ஏமாற்று மட்டுமே எங்கள் பேஜ்களில் ஏமாற்றாக எண்ணப்படுகிறது.

நுண்கடன் இதற்கு நல்ல சாட்சி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிழமைக் கடன் எடுக்காத கிராமம் எது? வட்டியும் அவமானமும் சேர்ந்து பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் "நான் இந்தக் கம்பனியில் கடன்பட்டேன், என்னை இப்படி நடத்துகிறார்கள்" என்று எந்தப் பெண் தன் படத்தோடு பேஸ்புக்கில் போடுவாள்? கடன் என்றாலே மானப் பிரச்சினை. அந்தப் பெண்கள் பேஸ்புக்குக்கு வரவில்லை, வடக்கிலும் கிழக்கிலும் தெருவுக்கு வந்தார்கள், ஒன்றாக வந்தார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்ததும், வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச எல்லை போட்டதும் அந்த நெருக்கடிக்குப் பிறகுதான். போதாத நிவாரணம், ஆனாலும் எல்லோருக்குமானது. இப்போது போனில் கடன் கொடுக்கிற ஆப்கள் வந்திருக்கின்றன. கட்டப் பிந்தினால் உங்கள் போனில் உள்ள சொந்தக்காரருக்கெல்லாம் செய்தி அனுப்புகிறார்கள். ஊர் பார்த்துவிடும் என்ற பயத்தைக் கம்பனிக்கு எதிராக நாங்கள் பாவிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, கம்பனி அதையே எங்களுக்கு எதிராகப் பாவிக்கிறது. எங்களைவிட நன்றாகவே பாவிக்கிறது.

இனி உங்களுக்குக் கசப்பான ஒன்று. உங்களில் சிலருடைய பேஜ்களில் காலையில் ஒரு முறைப்பாடு, பின்னேரம் ஒரு விளம்பரம். லீசிங், வெளிநாட்டு வேலை, தனியார் டிப்ளோமா. பேஜ் நடத்த டேட்டா வேண்டும், காசு வேண்டும், விளம்பரம் எடுப்பது குற்றமில்லை. ஆனால் விளம்பரம் தருகிற கம்பனியைப் பற்றிய முறைப்பாடு உங்கள் இன்பொக்ஸிலேயே தூங்குகிறது என்று வாசலுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. விளம்பரத்தை விளம்பரம் என்று மேலே எழுதுங்கள். அந்தக் கம்பனியைப் பற்றி முறைப்பாடு வந்தால் விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் பதிவைப் போடுங்கள். முடியாதென்றால் முறைப்பாடு எடுப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், சனம் வேறு இடம் பார்க்கும்.

சட்டத்தில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்து வையுங்கள், ஏனென்றால் உங்களை நம்பி வருகிறவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளோ சேவையோ பிழைத்தால் எழுத்தில் முறையிட வேண்டும். வாங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள். 1977 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணலாம், விசாரிக்கலாம், ஆனால் சட்டம் கேட்பது எழுத்து. "டெக்னீசியன் வருவார், அடுத்த கிழமை பாருங்க" என்று கடை இழுக்கிற இழுவையில் அந்த மூன்று மாதம் கரைந்துவிடும். அதற்குப் பிறகு பேஸ்புக்கில் போட்டு, இன்பொக்ஸில் பேசி, அங்கேயும் இழுபட்டு என்னிடம் வருகிறார்கள். திருக்கோவில்காரர் வந்தபோது மூன்று மாதம் தாண்டியிருந்தது. ஆகவே ஒரு முறைப்பாடு உங்கள் இன்பொக்ஸுக்கு வந்தால் உங்களுடைய முதல் கேள்வி "எப்ப வாங்கினீங்க?" என்பதாக இருக்கட்டும். இரண்டாவது கேள்வி "பில் இருக்கா?" கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்கிறவரின் சட்டக் கடமை. எங்கள் சனம் கேட்பதில்லை, வெட்கப்படுகிறது.

வங்கி, லீசிங் என்றால் மத்திய வங்கியில் இதற்கென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது, 1935க்குப் பேசலாம். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்றால் தண்டம் இப்போது சின்னத் தொகை இல்லை. 2021இல் சட்டத்தைத் திருத்தி, தனி ஆளுக்கு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை, கம்பனிக்கு ஐந்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் வரை என்று கூட்டியிருக்கிறார்கள். பதிவு போட்டால் வருகிறது மன்னிப்பு. எழுதிக் கொடுத்தால் தண்டம் வரை போக வழி இருக்கிறது. இரண்டையும் செய்யலாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவு போட்டால் பதிவுக்கும் பலம், ஏனென்றால் அதற்குப் பிறகு இன்பொக்ஸில் பேசி முடித்தாலும் ஓர் அரச கோவையில் அந்தக் கடையின் பெயர் கிடக்கும்.

உங்கள் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. அவதூறு இந்த நாட்டில் 2002க்குப் பிறகு குற்றவியல் குற்றமில்லை, ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட எந்தக் கம்பனிக்கும் உரிமை உண்டு. 2024இல் இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது. அதற்கும் இலக்கம் 9தான், பாருங்கள் பொருத்தத்தை. பொய்யான கூற்றுகளைத் தண்டிக்கும் பிரிவுகள் அதில் உண்டு. அந்தச் சட்டத்தை எனக்குப் பிடிக்காது. பெரிய இடத்து ஆட்கள் சின்ன ஆட்களை வாய்மூட வைக்க அது உதவும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. பிடிக்காவிட்டாலும் சட்டம் சட்டம். பில்லும் திகதியும் கையில் இருந்தால் "ஏமாற்றுக்காரன்" என்ற சொல் தேவைப்படாது. "இந்தத் திகதியில் வாங்கினார், இந்தத் திகதியில் பழுதானது, இன்று வரை திருத்தித் தரவில்லை" என்ற மூன்று வரியை எதிர்த்து எந்த சட்டத்தரணி என்ன கடிதம் அனுப்புவார்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பதிவு போட முதல் பில்லைப் பாருங்கள். கடைக்கு ஒரு போன் போட்டு அவர்கள் பக்கத்தையும் கேளுங்கள், பதில் சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று எழுதுங்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளையின் முகத்தை மறையுங்கள். பதிவில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள், அது அந்த ஒரு ஆளுக்கு மட்டுமானதாக இருக்க வேண்டாம்: "இந்த மொடல் வாங்கிய எல்லோருக்கும் மாற்றித் தாருங்கள்", "வொரண்டி நிபந்தனையைத் தமிழில் தாருங்கள்", "டெக்னீசியன் ஒருவரை மட்டக்களப்பிலேயே வையுங்கள்".

எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ந்த பிறகு பதிவை அழிக்காதீர்கள். அதன் மேல் ஒரு வரி சேருங்கள்: இன்ன திகதியில் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். கம்பனிக்கும் அது நியாயம், செய்த நல்லதும் சேர்ந்து நிற்கும். அழிக்கச் சொல்லிக் கம்பனி கேட்டால், வீட்டுக்காரர் தன் பதிவை எடுக்கட்டும், அது அவருடைய உரிமை. பெயரையும் முகத்தையும் எடுத்துவிட்டு, நடந்ததையும் திகதியையும் உங்கள் பேஜில் விடுங்கள். அழிக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்குக் கம்பனிகள் எவ்வளவு பயப்படும் என்று பாருங்கள்.

இதற்கு ஒரு பேஜ் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். ஒருவர் அழிக்க மறுத்தால் கம்பனி விளம்பரத்தை அடுத்த பேஜுக்குக் கொண்டுபோகும். வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று நாலைந்து பேஜ் அட்மின்களாவது ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, ஒரே முறைப்பாட்டை ஒரே நாளில் போடத் தொடங்கினால் போதும். தமிழ் பேஜும் முஸ்லிம் பேஜும் சேர்ந்து ஒரே கடையைப் பற்றி எழுதினால் "முதலாளி யாரு?" என்ற கேள்விக்கும் வேலையில்லாமல் போகும். தொடங்க ஒரு பொருள் வேண்டுமென்றால் அந்தப் பிரிட்ஜ் மொடல் இருக்கிறது. திருக்கோவில்காரருடைய பில்லின் பிரதி என்னிடம் இருக்கிறது, பெயரைப் போடாமல் பாவிக்க அவர் சம்மதித்திருக்கிறார். படுவான்கரை அக்காவும் முகம் காட்டமாட்டேன், ஆனால் நடந்ததைச் சொல்வேன் என்கிறார்.

அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட ஆள் தேவைப்பட்டால் அனுப்பி வையுங்கள், காசு வேண்டாம், பில்லும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு வரட்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நான் தூங்குவேன், அந்த நேரம் தவிர எப்போதும் வரலாம். சிங்களத்தில் எழுத வேண்டிய கடிதத்துக்கு மட்டும் வேறு ஆளைப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞன் ஒருவன்,
களுவாஞ்சிக்குடி